முதல் கணக்கை எங்கே போடுவது? நிரல் நேர்காணலுக்குப் புதிதாகத் தயாராகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பிறந்ததும் கணினித் துறை மாணவர்கள் மட்டுமல்ல, மின்னணுவியல், இயந்திரவியல் மாணவர்களும்கூட ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறார்கள்: வளாகத் தேர்வுக்கான நிரல் (கோடிங்) கணக்குகளை எங்கிருந்து தொடங்குவது? லீட்கோடு என்ற பயிற்சித் தளத்தில் தினம் இரண்டு போடு என்பார் சீனியர். ஹேக்கர்ரேங்க் என்ற தளமே போதும் என்பார் வேலைவாய்ப்பு அலுவலர். யூடியூப்பில் ஒருவர் 75 கணக்குகள் கொண்ட பட்டியலைக் கொடுப்பார். அடுத்த காணொளியில் இன்னொருவர் 450 கணக்குகளை நீட்டுவார். இதற்கிடையில் ஒரு பயிற்சி மையத்திலிருந்து, தவணையில் கட்டலாம் என்று தொலைபேசி வரும்.

இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் போய் வேலை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இப்போதுதான் லூப் எழுதப் பழகியிருப்பவருக்கு எது பொருந்தும் என்று கேட்டால் பதில் உண்டு. கல்லூரி இளையவர்களுக்கு வார இறுதிகளில் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு, உள்ளீட்டை வாங்குவதிலிருந்து விடையை அச்சிடுவதுவரை முழு நிரலையும் நீங்களே எழுதும் சின்னக் கணக்குகள். அதன்பின் தலைப்புவாரியாக அடுக்கிய ஒரு சிறிய பட்டியல். அதில் ஒவ்வொரு கணக்கையும் இரண்டாம் முறையும் போட வேண்டும். போட்டி மேடைகள் அதற்கப்புறம். பணம் கட்டிப் படிப்பது மிகச் சிலருக்கு மட்டும்.

எந்த நிறுவனத்தின் கதவு?

வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி கேட்பதில்லை. டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. (தேசியத் தகுதித் தேர்வு) போன்ற பெருந்தேர்வுகளில் எண்திறன், ஆங்கிலம், தர்க்கம் ஆகியவற்றோடு நிரல் பகுதியும் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஒரு சிறு கதையைச் சொல்லி, எண்களை வாங்கி ஒன்றைக் கணக்கிட்டு அச்சிடச் சொல்வார்கள். இதில் தடுமாறுகிறவர்களைக் கவனித்தால், அல்காரிதம் தெரியாதவர்களைவிட, ஒரே வரியில் இடைவெளி விட்டு வரும் எண்களைப் பிரித்து வாங்கத் தெரியாதவர்களும், விடைக்கு முன்னால் தேவையில்லாத வாசகத்தை அச்சிட்டு மதிப்பெண்ணை இழக்கிறவர்களும்தான் அதிகம்.

சோஹோவின் முறை வேறு. அடிப்படை நிரல் சுற்றைத் தாண்டியவர்களுக்கு ரயில் முன்பதிவு, கால் டாக்சி போன்ற ஒரு சிறு அமைப்பைச் சில மணி நேரத்துக்குள் முழுதாக எழுதச் சொல்லும் சுற்று அங்கே பெயர்பெற்றது. டிக்கெட் என்ற வகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும், காத்திருப்போர் பட்டியலை எதில் வைப்பது, ஒருவர் ரத்து செய்தால் அடுத்தவருக்கு இடம் எப்படிப் போகும் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். லீட்கோடில் நூற்றுக்கணக்கில் போட்டவர்கள்கூட இங்கே திகைத்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எப்போதும் யாரோ வரைந்து கொடுத்த கட்டத்துக்குள் எழுதியே பழகியவர்கள்.

அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவை மூன்றாவது கதவு. முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு கணக்குகள். எழுதிக்கொண்டே பேச வேண்டும். ஏன் இந்த வழி, இதைவிட வேகமான வழி உண்டா, உள்ளீடாகக் காலி வரிசை (அர்ரே) வந்தால் என்ன ஆகும் என்று எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

உங்கள் கல்லூரிக்குக் கடந்த ஆண்டு எவை வந்தன என்று நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கதவு மட்டுமே திறக்கும் கல்லூரியில் ஒருவர் ஆறு மாதம் கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) கணக்குகளில் கழிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அந்த ஆறு மாதத்தில் அவர் மூன்றாவது கதவைக் கல்லூரிக்கு வெளியே தானாகத் தட்டப் போகிறார் என்றால் அது வேறு விஷயம்.

லீட்கோடில் நேரடியாகக் குதிப்பது

லீட்கோடு இந்தத் துறைக்குப் பொது மொழி போல ஆகிவிட்டது. கணக்கின் எண்ணைச் சொன்னாலே எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. உங்கள் விடை தவறானால் எந்த உள்ளீட்டில் தவறியது என்று அது காட்டிவிடும். தொடக்கநிலையில் இது பெரிய உதவி. எழுத வேண்டியது ஒரு ஃபங்ஷனின் உட்பகுதி மட்டும் என்பதால் யோசனைக்கே நேரம் முழுவதும் போகிறது.

சிக்கல் அங்கே ஒட்டியிருக்கும் "ஈஸி" என்ற சீட்டில் இருக்கிறது. 70ஆம் எண் கணக்கைப் பாருங்கள். படிக்கட்டில் ஒரு நேரத்தில் ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம்; மொத்தப் படிகளை எத்தனை விதமாக ஏறி முடிக்கலாம்? கடைசி அடி ஒரு படியாகவோ இரண்டு படியாகவோதான் இருக்க முடியும். ஆகவே ஐந்து படிக்கான விடை, நான்கு படிக்கான விடையும் மூன்று படிக்கான விடையும் சேர்ந்தது: 5, 3 இரண்டையும் கூட்டி 8. தெரிந்தவருக்கு இரண்டு வரி. டைனமிக் புரோகிராமிங் (சிறு விடைகளைக் குறித்துவைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) என்ற சொல்லையே கேட்டிராதவருக்கு இது ஒரு மாலைப் பொழுதை விழுங்கும். 141ஆம் எண்ணும் ஈஸிதான்: ஒரு லிங்க்ட் லிஸ்ட் (ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைக் காட்டும் சங்கிலி) வட்டமாகச் சுற்றுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கூடுதல் இடம் எடுக்காமல் செய்ய, ஒன்று மெதுவாகவும் இன்னொன்று இரட்டை வேகத்திலும் ஓடும் இரண்டு பாயிண்டர்கள் (கண்ணிகளைச் சுட்டும் குறிகள்) வேண்டும். ஃப்ளாய்டின் பெயரால் வழங்கும் அந்த உத்தி அரை மணி நேரத்தில் யாருக்கும் தானாகத் தோன்றிவிடுவதில்லை. பார்த்த கண்ணிகளை ஒரு செட்டில் போட்டுக்கொண்டே போய், மறுபடி வந்தால் வட்டம் என்று சொல்வது யாருக்கும் எட்டும் விடை, முழுக்க நியாயமான விடையும்கூட. பிள்ளைகள் அதை எழுதிவிட்டு, ரகசிய உத்தி தோன்றவில்லையே என்று தங்களை மந்தமாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்தச் சீட்டு, ஏற்கெனவே டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்) படித்து முடித்தவருக்கு ஒட்டப்பட்டது. உங்கள் அறிவுக்கு அது மதிப்பெண் போடவில்லை.

அதனால் முதல் நாளே லீட்கோடில் ஈஸி என்று வடிகட்டி, மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டே வருவதை நான் கடைசியில் வைக்கிறேன். இன்று வரிசை, நாளை மரம் (ட்ரீ), மறுநாள் பிட் கணக்கு என்று தாவித் தாவிப் போகும்போது எதுவும் மனதில் தங்காது.

ஹேக்கர்ரேங்க்: சின்ன படிகள்

திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கிய நிறுவனம் இது. பல நிறுவனங்கள் முதல் கட்ட இணையத் தேர்வையே இந்த மேடையில் நடத்துகின்றன. ஆகவே அந்தத் திரைக்குப் பழகுவதே ஒரு லாபம். ஆனால் நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. இங்கே பல கணக்குகளில் உள்ளீட்டை வாங்குவதும் அச்சிடுவதும் உங்கள் வேலை. மேலும் இதன் தொடக்கக் கணக்குகள் உண்மையிலேயே தொடக்கக் கணக்குகள்: இரண்டு எண்களைக் கூட்டு, ஒரு சதுரக் கட்டத்தின் இரு மூலைவிட்டங்களின் கூட்டுத்தொகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடி, நட்சத்திரங்களால் ஒரு படிக்கட்டு வரை. ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் எப்படி ஓடுகிறது என்பதை இவை கைக்குப் பழக்கிவிடும்.

இதன் குறை, சில நாட்களிலேயே தரம் தாறுமாறாவது. சில கணக்குகளின் கதை நீண்டு, கேட்பது என்ன என்பதே புலப்படாது. அந்த நிலை வந்ததும் கிளம்பிவிடலாம். தினம் ஒரு மணி நேரம் தருகிறவருக்கு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இங்கே வேலை இல்லை.

ஒரே கணக்கைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

எந்த மேடை என்பதைவிட ஒரு கணக்கோடு எப்படி உட்காருகிறீர்கள் என்பது முக்கியம் என்று நான் நம்புகிறேன். லீட்கோடின் முதல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் எண்கள் இருக்கின்றன. எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும்? அவற்றின் இடங்களைச் சொல்ல வேண்டும். வரிசை 8, 3, 14, 5 என்றும் தொகை 19 என்றும் வைத்துக்கொள்வோம்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு லூப். 8ஐ மற்ற மூன்றோடு கூட்டிப் பார், 3ஐ மீதி இரண்டோடு கூட்டிப் பார், இப்படியே. சரியான விடை வந்துவிடும். இதை எழுதி முடித்த பிறகே அடுத்ததை யோசிக்க வேண்டும். இதை எழுதாமலேயே வேகமான வழியைத் தேடுகிறவர்களுக்கு இரண்டும் கிட்டுவதில்லை. இந்தக் கணக்கில் வரிசையின் நீளம் 10,000 வரை போகலாம் என்று கொடுத்திருக்கிறார்கள். 10,000 எண்களில் இணைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 5 கோடி. அந்த எண்ணைத் தாளில் போட்டுப் பார்த்தவருக்கு, ஏன் வேறு வழி தேட வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. உள்ளீடு பெருகும்போது வேலை எவ்வளவு பெருகும் என்பதை அளக்கும் பிக் ஓ என்று பாடப்புத்தகத்தில் வருவதும் இதைத்தான் பேசுகிறது.

அடுத்து பலர் வரிசைப்படுத்தலாம் என்பார்கள். 3, 5, 8, 14. இரு முனையிலிருந்தும் விரல் வைத்து உள்ளே வரலாம்: 3ம் 14ம் சேர்ந்து 17, போதவில்லை, இடது விரலை நகர்த்து, 5ம் 14ம் 19. அருமையான யோசனை, ஆனால் கேட்டது இடங்களை. வரிசைப்படுத்தியதில் பழைய இடங்கள் கலைந்துவிட்டன. எண்ணோடு அதன் இடத்தையும் சேர்த்து வைத்து வரிசைப்படுத்தினால் தப்பிக்கலாம். இந்தச் சறுக்கலைத் தானே சந்தித்து மீண்டவர், பிறகு இப்படி இரு விரல் நகர்த்தும் டூ பாயிண்டர் கணக்குகளில் தடுமாறுவதில்லை.

மூன்றாவது வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. கையில் 14 இருக்கிறது; எனக்கு வேண்டியது 5. அதை ஏற்கெனவே பார்த்துவிட்டேனா? பார்த்த எண்களை ஒரு ஹேஷ் மேப்பில் (எண்ணைக் கேட்டால் அதனோடு குறித்ததை உடனே தரும் அட்டவணை) இடத்தோடு குறித்துக்கொண்டே போனால் ஒரே நடையில் முடிந்துவிடும். 8 வருகிறது, 11 வேண்டும், இல்லை, 8ஐக் குறி. 3 வருகிறது, 16 வேண்டும், இல்லை, 3ஐக் குறி. 14 வருகிறது, 5 வேண்டும், இன்னும் பார்க்கவில்லை, 14ஐக் குறி. 5 வருகிறது, 14 வேண்டும், இருக்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் விடை 2, 3.

இங்கே நின்றுவிடாதீர்கள். முதலில் குறித்துவிட்டுப் பிறகு தேடினால் என்ன ஆகும்? வரிசை 5, 1, 9 என்றும் தொகை 10 என்றும் கொடுத்துப் பாருங்கள். 5ஐக் குறித்துவிட்டு, 10க்கு இன்னொரு 5 வேண்டும் என்று தேடினால் அந்த ஒரே 5 தன்னையே துணையாகக் காட்டிவிடும். தேடு, பிறகு குறி என்ற வரிசைக்கு இதுதான் காரணம். இந்த ஒரு கணக்கில் இவ்வளவு நேரம் செலவிட்டவருக்கு, ஒரு சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் இன்னொரு சொல் வருமா, வரிசையில் ஏதாவது எண் இருமுறை வருகிறதா என்ற கணக்குகள் எல்லாம் உறவினர்களாகத் தெரியும். காணொளியில் மூன்றாவது வழியை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டவருக்கு அவை ஒவ்வொன்றும் புதுக் கணக்கு.

பட்டியல்களில் எது?

75 லீட்கோடு கணக்குகளோடு 2018இல் வெளிவந்து ப்ளைண்ட் 75 என்று பேர்பெற்ற பட்டியல்தான் இந்த மரபுக்கு மூலம். வேலையில் இருப்பவர்கள் நேர்காணலுக்குமுன் மீள்பார்வை செய்வதற்கு அது மிகப் பொருத்தமானது. புதியவருக்கு அது செங்குத்து மலை. ஒரு தலைப்பில் கை பழகுவதற்குள் அடுத்த தலைப்பு வந்துவிடும். நீட்கோட் என்ற தளத்தின் நீட்கோட் 150 பட்டியல் அந்த 75ஐயும் உள்ளடக்கி, அதற்கிணையாக இன்னொரு 75ஐச் சேர்த்து, வரிசை, டூ பாயிண்டர், ஸ்லைடிங் விண்டோ, ஸ்டாக், பைனரி தேடல், லிங்க்ட் லிஸ்ட், மரம் என்ற தலைப்புகளில் படிப்படியாக அடுக்கியிருக்கிறது. யூடியூப்பில் பாடம் நடத்தும் ஸ்ட்ரைவரின் ஏ டு இசட் பட்டியல் நட்சத்திரக் கோலங்களிலிருந்தே தொடங்குகிறது. 450க்கு மேற்பட்ட கணக்குகள். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அது நல்ல துணை. மூன்றாம் ஆண்டின் பாதியில் இருப்பவர் அதை எடுத்தால், தேர்வு நாள் வரும்போது பட்டியலின் நடுவில் நிற்பார். மரத்தையே தொட்டிருக்க மாட்டார்.

என் தேர்வு 150இன் முதல் பாதி. வரிசையிலிருந்து மரம் வரை சுமார் 60 கணக்குகள் வரும். அவற்றிலும் ஹார்ட் என்று குறித்தவற்றைத் தயங்காமல் தள்ளி வையுங்கள். மீதியை ஒரு தலைப்பில் நிலைத்து நின்று போடுங்கள். அடுத்த தலைப்புக்குப் போகுமுன், முந்தைய தலைப்பில் தடுமாறிய கணக்குகளை வெற்றுத் தாளில் மறுபடி எழுதுங்கள். "அண்ணா, 200 போட்டுவிட்டேன். புதுக் கணக்கு வந்தால் கை ஓடவில்லை" என்று வரும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன மாதம் போட்டதை இப்போது பார்க்காமல் எழுத முடிகிறதா? பெரும்பாலோர் எழுத முயன்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு 201ஆவது கணக்கு தேவையில்லை.

முதலில் பாடம், பிறகு கணக்கு?

அடிப்படை ஆட்டம் காண்கிறவர்களுக்கு இது நல்ல வழி. சென்னை கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் பாடம், ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் இருக்கிறது. எட்டு வாரம். பார்க்கப் பணம் கட்ட வேண்டாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் 1,000 ரூபாய். ரிகர்ஷனில் ஒரு ஃபங்ஷன் எப்படித் தன்னையே அழைத்து மீள்கிறது என்பதை அவர் அவசரமில்லாமல், தெளிவாக விளக்குகிறார். வாராந்திர நிரல் பயிற்சிக்குக் கெடு இருப்பதால் தானாகவே ஒழுங்கு வந்துவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் படித்தவர்கள் அதன் முதல் அலகையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள் என்று சொல்வேன். முதலாண்டு பைத்தான் பாடத்தில் நான்கு எடுத்துக்காட்டுக் கணக்குகள் வரும்: பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது, அடுக்கிய சீட்டுகளுக்கு இடையே ஒரு சீட்டைச் செருகுவது, ஓர் எல்லைக்குள் நினைத்த எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம். பதினாறு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்து தாண்டிவிட்ட அந்த நான்கில்தான் நேரியல் தேடல், இன்சர்ஷன் சார்ட், பைனரி தேடல், ரிகர்ஷன் எல்லாம் இருக்கின்றன. அந்த நான்கையும் புத்தகம் பார்க்காமல் எழுத முடிகிறவர் தொடக்கநிலையில் பாதியைக் கடந்துவிட்டார். பாடத்திட்டத்தைக் குறை சொல்வது நமக்குப் பழக்கம்; இந்த இடத்தில் அது நல்ல திசையைத்தான் காட்டியிருக்கிறது.

இந்த வழியின் ஆபத்து, பாடத்திலேயே தங்கிவிடுவது. எட்டு வாரப் பாடத்தை முடித்துவிட்டு இன்னொரு பாடம், அதன்பின் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கேட்கும்போது எல்லாம் புரிகிறது. காலித் திரையின்முன் முதல் வரி வருவதில்லை. ஆகவே பாடத்தையும் கணக்கையும் ஒரே வாரத்தில் வையுங்கள். ஸ்டாக் கேட்ட வாரத்திலேயே அடைப்புக்குறிகள் சரியாக மூடுகின்றனவா என்ற கணக்கைப் போட்டுவிடுங்கள்.

போட்டி மேடைகள்

மிகைல் மிர்சயானோவ் ரஷ்யாவின் சரட்டோவிலிருந்து தொடங்கிய கோட்ஃபோர்சஸ், உலகெங்கும் போட்டி நிரலாளர்கள் கூடும் இடம். போட்டிகள் பெரும்பாலும் நமக்கு இரவு 8.05க்குத் தொடங்கும். அங்கே புகழ்பெற்ற தர்பூசணிக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு தர்பூசணியை இருவர் இரட்டைப்படைக் கிலோ எடையுள்ள இரண்டு துண்டுகளாகப் பிரிக்க முடியுமா? எடை இரட்டைப்படை என்றால் முடியும் என்று எழுதி அனுப்புகிறவர்கள் 2 கிலோவில் மாட்டிக்கொள்வார்கள். அதை ஒன்று ஒன்றாகத்தான் பிரிக்க முடியும். விளிம்பில் நிற்கும் உள்ளீட்டைத் தேடும் கண்ணை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்கும் கணக்கை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் போட்டியை இரண்டாம் கட்டத்தில் வைக்கிறேன். அங்கே கணக்கு மூலம் கேட்கப்படுவது பெரும்பாலும் கணித நுண்மை. நேர்காணலில் கேட்கப்படுவது தெளிவாக அடுக்கி எழுதுவதும் பேசுவதும். எந்த உள்ளீட்டில் தவறியது என்று போட்டி நடக்கும்போது காட்டவும் மாட்டார்கள். ஆரம்பத்திலேயே தரவரிசை எண் கீழே இறங்குவதைப் பார்த்து ஒதுங்கிவிட்ட நல்ல மாணவர்கள் எனக்குத் தெரியும், வருத்தமாக இருக்கும். பள்ளியிலேயே கணிதத்தில் ஆர்வம் கொண்டு வந்தவர்களும், முதலாண்டிலேயே தொடங்குகிறவர்களும் தாராளமாக இங்கே போகலாம். மற்றவர்கள் லீட்கோடு ஞாயிறு காலை 8 மணிக்கு நடத்தும் ஒன்றரை மணி நேரப் போட்டியில் நான்கில் முதல் கணக்கை மட்டும் குறிவைத்து உட்கார்ந்து பழகலாம். கடிகாரம் ஓடும்போது யோசிக்கும் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது.

பணம் கட்டும் பயிற்சி

சில ஆயிரத்திலிருந்து லட்சங்கள் வரை கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் பாடத்தின் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. கட்டணத்துக்கு ஈடாக உண்மையில் கிடைக்கக்கூடியவை இரண்டு: தவறாமல் உட்கார வைக்கும் நேர அட்டவணை, உங்கள் நிரலை வரி வரியாகப் படித்துத் திருத்தும் ஒரு மனிதர். இரண்டாவது இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். சேருமுன் கேளுங்கள்: நான் எழுதியதை யார் படிப்பார்கள், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? "வேலை உறுதி" என்ற வாசகத்தின் கீழுள்ள நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். மாதத் தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் தாள் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமாக இருக்கலாம். பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. அப்பா பெயரில் போடும் கையெழுத்து என்றால் இன்னும் இரு முறை படியுங்கள்.

மொழி

இதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. ஒரு மொழியில் ஏற்கெனவே ஓராண்டு எழுதியிருந்தால் அதிலேயே நில்லுங்கள். எதுவும் பழகவில்லை என்றால் பைத்தான்: ஹேஷ் மேப்பின் வேலையைச் செய்யும் டிக்ஷனரி கையிலேயே இருக்கிறது, முழு எண் எவ்வளவு பெரிதானாலும் வழியாது (ஓவர்ஃப்ளோ ஆகாது), யோசனைக்கும் எழுத்துக்கும் இடைவெளி குறைவு. ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 1,000 அளவில் நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சோஹோ போன்ற முழு அமைப்பு எழுதும் சுற்றைக் குறிவைப்பவர்களுக்கு ஜாவா பொருந்தும். வகுப்புகளாகப் பிரித்து எழுதும் பழக்கம் மொழியோடேயே வந்துவிடுகிறது. கோட்ஃபோர்சஸ் போகிறவர்கள் வேகத்துக்காக சி++ எடுப்பார்கள். சி மொழியில் ஹேஷ் மேப் இல்லாததால், மேலே பார்த்த முதல் கணக்கிற்கே அதை நீங்கள் கட்டி எழுப்ப வேண்டியிருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சரின் உள்ளமைப்பைக் கற்க அது அருமையான வழி. நேரம் குறைவாக இருப்பவருக்குச் சுமை.

விடையை எப்போது பார்ப்பது?

இரண்டு கட்சிகள் உண்டு. தானாக வரும்வரை விடையைத் தொடாதே என்பது ஒன்று; நேரத்தை வீணாக்காதே, பார்த்துக் கற்றுக்கொள் என்பது இன்னொன்று. புதியவருக்கு முதல் கட்சி கொடுமையானது. ஃப்ளாய்டின் உத்தியை நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டாம் கட்சி கையை முடமாக்கிவிடும்.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. அரை மணி நேரம் முட்டிப் பாருங்கள். அதற்குள் மெதுவான வழியையாவது எழுதி முடித்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு குறிப்பு. சாட்ஜிபிடியிடம் கேட்பதென்றால், நிரல் தராதே, அடுத்து எதை யோசிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரியில் சொல் என்று கேளுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் விடையை முழுதாகப் படியுங்கள், மூடிவிடுங்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து வெற்றுத் திரையில் எழுதுங்கள். நடுவில் மறந்தால் திறந்து பார்க்கலாம், ஆனால் அந்தக் கணக்கின் பக்கத்தில் ஒரு குறி போட்டுவிடுங்கள். சில நாட்கள் கழித்து மறுபடி எழுதி, பார்க்காமல் வந்தால்தான் அந்தக் குறியை அழிக்கலாம். நகலெடுத்து ஒட்டிப் பச்சை நிறம் வாங்கிய கணக்கை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறைத் தோழரோ தம்பியோ, கணினி தெரியாத அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள். சொல்லும்போது எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அந்த வரியில்தான் நிரலும் தவறும். ஆங்கிலத்தில் சொல்லும் பயிற்சி பிறகு வேண்டும்தான், ஆனால் யோசனை தெளிவான பிறகு மொழி மாற்றுவது கடினமில்லை.

ஓராண்டு கையில் இருப்பவர் இவற்றை மேலே சொன்ன வரிசையில் நிதானமாகச் செய்யலாம். ஆறு வாரம்தான் இருக்கிறது என்பவருக்கு வேறு கணக்கு. முதல் இரண்டு வாரம் ஹேக்கர்ரேங்கில் உள்ளீடு வாங்குவதும் ஸ்ட்ரிங் கணக்குகளும். அடுத்த மூன்று வாரம் வரிசை, ஹேஷ் மேப், டூ பாயிண்டர், ஸ்டாக், பைனரி தேடல் ஆகிய ஐந்தில் மட்டும் சுமார் 25 கணக்குகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மரம், கிராஃப், டைனமிக் புரோகிராமிங் மூன்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஆறாவது வாரம் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். குறி போட்டவற்றைத் தாளில் எழுதுங்கள், நேரம் குறித்து இரண்டு மாதிரித் தேர்வு எழுதுங்கள். அந்த 25இல் பாதியைப் பார்க்காமல் எழுத முடியாத நிலை இருந்தால், பட்டியலை 15ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.